மீந்த மீன் குழம்பு, இறால் தொக்கு, நண்டு: எதில், எப்படிச் சூடுபண்ணினால் பதம் கெடாது?

செட்டிநாட்டுக்குக் கடற்கரை கிடையாது. காரைக்குடிப் பக்கம் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்டு வருகிற மீன்தான். சமைத்து மீந்து, மறுநாள் அடுப்பேறும்போது அதற்கு வயது ஏறிவிட்டிருக்கும், அஜாக்கிரதையைத் தாங்காது. மண்சட்டி, தோசைக்கல், இட்லிப் பானை, மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர் எல்லாவற்றிலும் வருஷக்கணக்கில் சூடுபண்ணிப் பார்த்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: மசாலா கொதிக்கலாம், மீன் கொதிக்கக் கூடாது.

மீன் சதையின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வு முதல் சமையலிலேயே கரைந்துவிடுகிறது. மறுபடி தளதளவென்று கொதித்தால் அடுக்குகள் கழன்று, வஞ்சரத் துண்டு குழம்போடு உதிர்ந்துபோகும். இறாலுக்குக் கேடு வேறு விதம். சதை சுருங்கிச் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும், மிஞ்சுவது சக்கை.

மீன் குழம்புக்கு மண்சட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அதைக் கையாளத் தெரிய வேண்டும். சட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்து, அப்படியே எடுத்து அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். அதனால் எவர்சில்வர் பாத்திரத்தில் மாற்றி வைப்பதே நல்லது. காலையில் குழம்பு குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதே துண்டுகளைத் தோசைத் திருப்பியால் அடியோடு வாரி எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். குளிரில் துண்டு இறுகி நிற்கும், உடையாது. குழம்பு சூடான பிறகு எடுக்கப் போனால் பாதிதான் கைக்கு வரும். இனிக் குழம்பை மட்டும் சட்டியில் ஊற்றி, கால் டம்ளர் வெந்நீர் விட்டு (இரவோடு இரவாகப் புளியும் தேங்காயும் இறுகியிருக்கும்), 3 அல்லது 4 நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடவும். தீயைச் சிம்மில் வைத்துத் துண்டுகளை ஒரே அடுக்காக இறக்கி, மூடி போட்டு 3 நிமிஷம். ஓரத்தில் முதல் குமிழி தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அணைத்த பிறகும் குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். மூடியபடி 5 நிமிஷம் விட்டால் நடுச்சதை வரை சூடு இறங்கிவிடும். கரண்டி போடவே கூடாது. சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுழற்றினால் போதும். கல்சட்டி இதைவிட நேரம் சூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதில் இன்னும் முன்னதாகவே அணைக்க வேண்டும். இரும்புச் சட்டியில் புளிக் குழம்பு கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

சூடு போதுமா என்று பார்க்க, தடித்த துண்டின் நடுவில் கத்தி முனையை 10 விநாடி செருகி எடுத்துத் தொட்டால் சுடவேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி. கர்ப்பிணிகள், வயசானவர்கள், குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் பதம் கொஞ்சம் போனாலும் இந்தச் சூடு கட்டாயம்.

இறால் தொக்கிலும் இதே முறைதான். இறாலைப் பொறுக்கித் தனியே வைத்து, மசாலாவை ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் எண்ணெய் பிரிகிற வரை புரட்டி, கடைசியில் இறாலைப் போட்டு ஆவி பறக்கும் வரை மட்டும் கிளற வேண்டும். புது மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் அப்போது சேர்த்தால் முதல் நாள் மணம் திரும்பும். ஒரு தடவை ரப்பராகிவிட்ட இறாலுக்கு மீட்சியே இல்லை. கணவாய்க்கு உண்டு: ரப்பர் போல ஆனதை மசாலாவில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, சிறுதீயில் அரை மணி நேரம் வேக விட்டால் மறுபடி மெதுவாகும். நடுவில் 10 நிமிஷத்தில் ருசி பார்த்துவிட்டு அடுப்பை அணைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கணவாய் மிகக் கடினமாக இருப்பது அந்தக் கட்டத்தில்தான்.

நண்டுக்கு இட்லிப் பானை. ஓடு இருப்பதால் ஆவியில் சதை காயாது. தட்டில் பரப்பி 6 முதல் 8 நிமிஷம் வைத்தால் போதும். மசாலாவை வேறு சட்டியில் சுடவைத்து மேலே ஊற்றிக்கொள்ளலாம். முதல் நாளே உடைத்துப்போட்ட கால்களை மட்டும் வாழை இலையில் பொதிந்து வைக்கவும், இல்லாவிட்டால் வறண்டுவிடும்.

வறுத்த மீனை மறுபடி எண்ணெயில் பொரித்தால் மசாலா கருகிக் கசக்கும். தோசைக்கல்லில் அரை ஸ்பூன் எண்ணெய், சிறுதீ, மூடி போடாமல் பக்கத்துக்கு 3 நிமிஷம். இரவில் சதையின் ஈரம் மேல் மசாலாவுக்கு ஏறியிருக்கும். அது ஆவியாகி வெளியேறத்தான் மூடி வேண்டாம் என்பது. ஏர் ஃப்ரையரில் 160 டிகிரியில் 5 நிமிஷம் வைத்தால் மொறுமொறுப்பு தோசைக்கல்லுக்குச் சமமாகவே வருகிறது. 200-க்குப் போனால் ஓரம் விறகு. நாள்பட்ட பயன்பாட்டில் அதன் பெரிய குறை வாடை. மேலே இருக்கும் சூட்டுக் கம்பியில் மசாலாவும் எண்ணெயும் தெறித்துப் படிந்துவிடும். ஆறிய பிறகு ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அடுத்து வைக்கிற எதிலும் மீன் மணக்கும்.

மைக்ரோவேவைத் துண்டில்லாத குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீனை வைத்தால் ஓரம் வெடித்து, நடு சில்லென்றிருக்கும். வேறு வழியில்லாவிட்டால் பாதிச் சக்தியில் 30 விநாடி, திருப்பிப்போட்டு இன்னொரு 30 விநாடி என்று போக வேண்டும்.

மத்தி, அயிலை விஷயத்தில் கண்டிப்பு தேவை. கொழுப்பு அதிகம் என்பதால் மறுசூட்டில் வாடை தூக்கும். புளிக் குழம்பாக இருந்தால் புளி அதை ஓரளவு அடக்கும். அதைவிட முக்கியம், வெளியில் அதிக நேரம் கிடந்தால் இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் சேரும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது; முகம் சிவந்து, அரிப்பெடுத்து, தலைவலிக்கும். சமைத்து 2 மணி நேரத்துக்குள், சித்திரை வைகாசி வெயிலில் 1 மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து ஃபிரிட்ஜில் ஏற்றிவிட வேண்டும். "ராத்திரி ஒரு கொதி விட்டுட்டா விடியிற வரைக்கும் தாங்கும்" என்ற பழக்கத்தை மீன் துண்டு கிடக்கும் குழம்புக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடுபண்ணவும்; அதிலும் மீந்தால் மூன்றாம் முறை அடுப்பேற்ற வேண்டாம், கொட்டிவிடுங்கள்.