துபாய்க்கு உம்மா வாப்பாவை அழைக்கிறவர்களே, "எல்லாம் சேர்த்து ஒரே ரேட்" என்றால் உஷார்

விசா, டிக்கெட், இன்சூரன்ஸ், ஓட்டல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தொகை சொல்லும் ஏஜென்டிடம் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையோரத்தில் வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர், இருக்கிறார். பள்ளிக்கூட லீவு வந்தால் ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி நாலு நாள் வைத்திருக்க ஆசைப்படாதவர் யாரும் இல்லை. அந்த ஆசையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

துபாய் தேராவில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, உம்மா, வாப்பா, சாச்சி (சித்தி) மூன்று பேரையும் அழைக்க நினைத்தார். சம்பளம் 5,500 திர்ஹம். 2025-இல் அமீரகத்தின் விசா, குடியுரிமை ஆணையமான ஐசிபி அறிவித்த அளவுப்படி, பெற்றோர் போன்ற முதல் வட்ட உறவை அழைக்க மாதம் 4,000 திர்ஹம் வருமானம் போதும். சாச்சி போன்ற அடுத்த வட்ட உறவுக்கு 8,000. நண்பர் என்றால் 15,000. ஆக, பெற்றோருக்குத் தானே விண்ணப்பித்திருக்கலாம். சாச்சிக்கு மட்டும்தான் சிக்கல். ஊர் ஏஜென்ட் அந்த இடத்தில் நுழைந்தார். "மூணு பேருக்கும் டூரிஸ்ட் விசாவாப் போட்டுடலாம் தம்பி, சம்பளம் கிம்பளம் யாரும் கேக்க மாட்டாங்க. ஆளுக்கு 52,000. அறுபது நாள்." மொத்தம் 1,56,000 ரூபாய், ஜிபேயில், அவருடைய சொந்தக் கணக்குக்கு. பில் கிடையாது.

டூரிஸ்ட் விசா எடுப்பது தப்பில்லை. அதில் அழைப்பவரின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த விசாவுக்குப் பொறுப்பாளி பிள்ளை இல்லை, துபாயில் இருக்கும் ஏதோ ஒரு டூர் கம்பெனி. ஊர் ஏஜென்ட் அந்தக் கம்பெனிக்குத் துணை ஏஜென்டுக்கும் துணை ஏஜென்ட். இது அந்தக் குடும்பத்துக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

முதல் அடி மதுரை விமான நிலையக் கவுன்டரில் விழுந்தது. வாப்பாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேமில் ஒற்றைப் பெயர். நம் பக்கத்துப் பழைய பாஸ்போர்ட் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். இனிஷியலை விரித்து எழுதாமல் விட்டதன் விளைவு. சர்நேம், கிவன் நேம் இரண்டில் ஒன்று மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவரை ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிள்ளை இதை முன்கூட்டியே கேட்டிருக்கிறார். "காக்கா, வாப்பா பாஸ்போர்ட்ல ஒத்தப் பேருதான் இருக்கு, பிரச்சினை வருமா?" வாய்ஸ் நோட்டில் வந்த பதில்: "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம். டைப் பண்ணும்போது அவுக வாப்பா பேரைச் சேத்துட்டா முடிஞ்சுது." அப்படித்தான் முடித்திருந்தார். விசாவில் இரண்டு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். ஏற்ற முடியாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டால் அந்தச் செலவு விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் அவர்கள் இதில் இளகவே மாட்டார்கள்.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் ரீஇஷ்யூவுக்கு விண்ணப்பித்து, பெயரைக் கிவன் நேம், சர்நேம் என்று பிரித்துப் புதுப் புத்தகம் வாங்க வேண்டும். போலீஸ் விசாரணை வந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் பாஸ்போர்ட்டின் போட்டோப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு கட்டத்திலும் எழுத்து இருக்கிறதா, காலாவதிக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்ற இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்ற வேலை.

அடுத்தது ரிட்டர்ன் டிக்கெட். இந்த மோசடியின் உயிர்நாடியே இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விசிட் விசாவில் போகிறவருக்குத் திரும்பி வரும் டிக்கெட் இருக்கிறதா என்று கவுன்டரிலும் பார்ப்பார்கள், இமிக்ரேஷனிலும் கேட்பார்கள். ஏஜென்ட் போகும் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார். வரும் டிக்கெட்டைக் காசு கட்டாமல் 'ஹோல்டு' மட்டும் போடுகிறார், அல்லது வாங்கிப் பிடிஎஃப் எடுத்துவிட்டு உடனே கேன்சல் செய்கிறார். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் தாளில் பெயர், தேதி, பிஎன்ஆர் என்ற புக்கிங் எண் எல்லாம் சரியாகவே இருக்கும். அன்று நீங்கள் சோதித்தாலும் தளத்தில் டிக்கெட் தெரியலாம். ஆறு எழுத்துள்ள அந்த பிஎன்ஆர் அடுத்த நாளே செத்துப்போகும். அதைச் சொல்லும் எஸ்எம்எஸ் உங்களுக்கு வராது, ஏனென்றால் புக்கிங்கில் கொடுத்த மொபைலும் மெயிலும் ஏஜென்டுடையவை. ரீஃபண்டும் அவர் கணக்குக்கே போகும். ஓட்டல் புக்கிங்கும் இதே கதை. விசா கைக்கு வரும்வரை உயிரோடு இருக்கும், பிறகு 'ஃப்ரீ கேன்சலேஷன்'. காட்டும் நாளில் எல்லாத் தாளும் அசல், பயணம் போகும் நாளில் பாதி போலி. "நான் செக் பண்ணினேனே" என்று பலர் புலம்புவது இதனால்தான்.

அந்த உம்மாவுக்கும் சாச்சிக்கும் கவுன்டரிலேயே ஆளுக்கு 19,400 ரூபாய் கொடுத்துப் புது ரிட்டர்ன் எடுக்க வேண்டியதாயிற்று. வாப்பா பையைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் பஸ்ஸுக்குப் போனார்.

டிக்கெட்டை நீங்களே, உங்கள் கார்டில், விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். போகவர இரண்டும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். ஏஜென்ட் மூலம்தான் எடுக்க வேண்டும் என்றால், புக்கிங்கில் உங்கள் மொபைல், உங்கள் மெயில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அவர் தரும் 'ரெஃபரன்ஸ் நம்பர்' சில சமயம் ஏஜென்டின் சாஃப்ட்வேர் எண்ணாக இருக்கும், விமான நிறுவனத்தின் பிஎன்ஆர் அதுவல்ல. நிறுவனத்தின் 'மேனேஜ் புக்கிங்' பக்கத்தில் திறந்து, இரண்டு பயணத்துக்கும் 'கன்ஃபர்ம்டு' என்று வந்தால்தான் டிக்கெட். டிக்கெட் கைக்கு வந்த அன்று ஒரு தடவை, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஒரு தடவை, காரில் ஏறும் முன் ஒரு தடவை பாருங்கள். கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையம் போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே போய்த் தெரிந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

சில விமான நிறுவனங்கள் விசிட் விசாவுக்கு 'ஓகே டூ போர்டு' பதிவும் கேட்கும், அதாவது விசா சரி, ஆளை ஏற்றலாம் என்ற குறிப்பு. டிக்கெட் எடுத்ததும் விசா நகலை அனுப்பிப் பதியச் சொல்லிவிடுங்கள்.

இனி விசா. பிள்ளைக்கு "அறுபது நாள்" என்று சொன்னது அப்பட்டமான பொய்கூட இல்லை. அவர்கள் விசாவில் 60 என்ற எண் இருந்தது. அது விசா வழங்கிய நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் அமீரகத்துக்குள் நுழைய வேண்டும் என்ற கணக்கு. உள்ளே தங்கும் நாள் வேறு வரியில், 30 என்று இருந்தது. 30 நாள் விசாவின் விலையைக் கொடுத்து, 60 நாள் விசாவின் விலையை வாங்கியிருக்கிறார் ஏஜென்ட். உம்மாவும் சாச்சியும் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்தார்கள். டூர் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது 30 நாள் முடிந்து 9 நாள் ஓடிவிட்டது.

கூடுதலாகத் தங்கினால் அபராதம் ஒரு நாளைக்கு 50 திர்ஹம். முன்பு இருந்த பத்து நாள் சலுகை இப்போது இல்லை, ஊரில் இன்னும் அதை நம்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் அன்று 11 நாள் ஆகியிருந்தது. ஆளுக்கு 550, இரண்டு பேருக்கு 1,100 திர்ஹம். அதோடு விட்டதா என்றால் இல்லை. டூர் கம்பெனி இரண்டு பேர் மீதும் 'அப்ஸ்காண்டிங்' கொடுத்துவிட்டது. விருந்தாளி ஓடி ஒளிந்துவிட்டார் என்று விசா போட்டவர் தரும் புகார் அது. அதை எடுக்க ஆளுக்கு 1,500 திர்ஹம் கேட்டார்கள். கொடுக்காமல் விட்டால் அடுத்த முறை அமீரகத்துக்குள் வருவதே சிக்கலாகிவிடும் என்பதால் கொடுத்தார்கள். ஊர் ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. உம்ராவுக்குப் போயிருக்கிறாராம்.

விசா பிடிஎஃப் வந்ததும் கோப்பு எண்ணைப் பாருங்கள். 201 என்று தொடங்கினால் துபாய் விசா, துபாய் குடியேற்றத் துறையான ஜிடிஆர்எஃப்ஏ தளத்தில் சோதிக்க வேண்டும். 101 அபுதாபி, 301 ஷார்ஜா, 401 அஜ்மான். இவற்றை ஐசிபி தளத்தில் பார்க்கலாம். அங்கே 'ஃபைல் வேலிடிட்டி' பகுதியில் பாஸ்போர்ட் எண், அதன் காலாவதி தேதி, நாடு கொடுத்தால் விசாவின் நிலை வந்துவிடும். காசு கிடையாது. தாளில் நுழையும் கெடு, தங்கும் நாள் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணி, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் மொபைலில் அலாரம் வையுங்கள். துபாய் விசாவில் சந்தேகம் என்றால் அந்தத் துறையின் சேவையான ஆமர் எண் 8005111-க்கு அழைத்துக் கேட்கலாம்.

முடிந்தவரை விசாவை நீங்களே போடுவது நல்லது. ஆமர் சென்டரில் உங்கள் எமிரேட்ஸ் ஐடி, வாடகை ஒப்பந்தமான ஈஜாரி, உறவுக்கான சான்று கொடுத்து விண்ணப்பிக்கலாம். ஆளுக்கு ஆயிரம் திர்ஹம் அளவில் வைப்புத்தொகை கேட்பார்கள், அவர்கள் ஊர் திரும்பியதும் அது திரும்பி வரும். மூன்று பேர் என்றால் மூவாயிரம் முடங்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் ஏஜென்டிடம் போகிறார்கள். மேலே உள்ள குடும்பம் இழந்ததையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வருமான அளவும் கட்டணமும் அடிக்கடி மாறுபவை, விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பு வைத்துப் பிரித்த பார்ட்டிஷன் ரூமிலோ, கட்டில் மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட்ஸ்பேஸிலோ இருக்கிறவர்களுக்கு ஈஜாரி தங்கள் பெயரில் இருக்காது. அவர்கள் உறவினரை அங்கே தங்கவைக்கும் யோசனையை விட்டுவிட்டு, அந்த நாட்களுக்கு ஓட்டல் அபார்ட்மென்ட் எடுப்பதுதான் சரி. வாட்ஸ்அப் குரூப்பில் வரும் "ஃபேமிலி ரூம், அட்வான்ஸ் அனுப்புங்க" விளம்பரத்துக்கு அறையை நேரில் பார்க்காமல் ஒரு திர்ஹம்கூட அனுப்பாதீர்கள்.

ஊரிலிருந்து கிளம்புகிறவர் கைப்பையில் விசா, போகவர டிக்கெட், பிள்ளையின் எமிரேட்ஸ் ஐடி நகல், ஈஜாரி நகல், உறவுச் சான்று எல்லாம் காகிதமாக இருக்க வேண்டும். போனில் இருக்கிறது என்றால் அங்கே சார்ஜ் இருக்காது. பத்தாம் வகுப்பு தேறாதவர் பலரின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் குறிப்பு இருக்கும், வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வேண்டும் என்பது அதன் பொருள். வேலைக்குப் போகவில்லை, பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறார் என்பதை இந்தத் தாள்கள்தான் சொல்லும். வீல்சேரைப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமின்றியே தருகின்றன, 48 மணி நேரம் முன்னால் சொல்லி வைத்தால் போதும். அதற்கும் 1,500 ரூபாய் வாங்கியிருந்தார் அந்த ஏஜென்ட்.

பெட்டியில் தொதல் இனிப்பு போகலாம், கருவாட்டை நன்றாகச் சுற்றி வைத்தால் அதுவும் போகும். கசகசா போகக் கூடாது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், குருமா மசாலாவோடு அரைத்துக் கட்டியிருந்தாலும் சிக்கல்தான். வெற்றிலையும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சலுக்கு எழுதிக் கொடுக்கும் பிரிகாபலின், வலிக்குத் தரும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து மூன்றும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் சீட்டு இருந்தாலும் அமீரக அரசுத் தளத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். ஏஜென்ட் தரும் இன்சூரன்ஸ் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பெரும்பாலும் பணம் வராது, சர்க்கரையும் பிரஷரும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் வையுங்கள். வாய்ஸ் நோட்டுகளைத் தனியாகச் சேமியுங்கள், அவை ஏஜென்ட் வாயாலேயே வந்த சாட்சி. ஜிபே ரசீதில் உள்ள யுடிஆர் என்ற பணப் பரிமாற்ற எண்ணையும், பிஎன்ஆர் கேன்சல் ஆனதைக் காட்டும் தளப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆன்லைனிலேயே ஏமாற்றிய ஆள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் கணக்கிலேயே முடக்கப்பட அவ்வளவு வாய்ப்பு. கடை வைத்திருக்கும் ஆள் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. மோசடி என்று போலீசில் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு. "விசா கட்டணம் ரீஃபண்ட் ஆகாது" என்று ஏஜென்ட் சொல்வது விசாவுக்கு மட்டும்தான் பொருந்தும். கேன்சல் செய்து திரும்ப வாங்கிய டிக்கெட் பணத்துக்கும், 60 நாள் என்று சொல்லி 30 நாள் கொடுத்த வித்தியாசத்துக்கும் பொருந்தாது. புகாரில் இந்த இரண்டையும் தனித்தனித் தொகையாக எழுதுங்கள். மொத்தமாக 1,56,000 என்று எழுதினால் "விசா போட்டுக் கொடுத்தேன், டிக்கெட் கொடுத்தேன், ஆள் போயிட்டு வந்துட்டாங்க" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்.