எஃப்ஐ பைக்கில் கலவையைச் சரிசெய்ய: ஓ2 சென்சார் மாட்யூலா, ஈசியு ரீமேப்பா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு விற்ற, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீச்சும் ஒற்றை சிலிண்டர் எஃப்ஐ வண்டிகள் பலவற்றில் ஒரு குணம் உண்டு. மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் போனால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். வாங்கிய இடத்தில் கேட்டால் "எஃப்ஐ வண்டி அப்படித்தான் சார்" என்பார்கள். புகை விதிக்காகப் பெட்ரோல்-காற்றுக் கலவையை மெலிதாக, அதாவது பெட்ரோலைக் குறைத்து, வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இதைச் சரிசெய்ய எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரின் வயரில் ஒரு சின்ன மாட்யூல் போடுவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன்.

மற்ற இரண்டில் ஒன்று, காற்று வெப்பநிலை சென்சாரை ஏமாற்றும் ரகம். டென்மார்க்கிலிருந்து வரும் பூஸ்டர்பிளக் இந்த வகை. காற்று உண்மையில் இருப்பதைவிட 20 டிகிரி குளிர்ந்திருப்பதாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவிடம் சொல்லும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதால் ஈசியு சுமார் 6 சதவீதம் பெட்ரோலைக் கூட்டும். விலை குறைவு, மாட்டுவதும் எளிது. ஆனால் புகைக்குழாயில் ஓ2 சென்சார் வேலை செய்துகொண்டிருக்கிறதே! சீரான வேகத்தில் போகும்போது கூடுதல் பெட்ரோலை அது கண்டுபிடித்துவிடும், ஈசியுவும் கழித்துவிடும். எனக்குத் தொல்லை இருந்ததே அந்தச் சீரான ஓட்டத்தில்தான். அதனால் இதை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

வண்டியோடு வரும் ஓ2 சென்சார் பொதுவாக நேரோபேண்ட் ரகம். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், பெட்ரோல் மிஞ்சினால் 0.9 பக்கம் ஏறும். நடுவில் 0.45 வோல்ட்தான் ஈசியுவின் கோடு. வோல்டேஜ் அதற்குக் கீழே போனால் இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறக்கும், மேலே போனால் குறைக்கும். இப்படி ஏறி இறங்கியே சராசரியாக லாம்டா 1-இல் நிற்கும். லாம்டா 1 என்றால் பெட்ரோல் முழுதாக எரியச் சரியான அளவு காற்று; 1-க்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். மாட்யூல் செய்வது இவ்வளவுதான்: சென்சார் தரும் வோல்டேஜைச் சற்றுக் குறைத்து ஈசியுவிடம் கொடுக்கிறது. கலவை மெலிந்துவிட்டது என்று நினைத்து ஈசியு பெட்ரோலைக் கூட்டும், லாம்டா 0.97 பக்கம் போய் நிற்கும். பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் எஞ்சின் பைக் வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-எக்ஸைடு என்ற மாட்யூலை இதற்காகவே போடுகிறார்கள்.

மூன்றாவது வழி ரீமேப். அதாவது எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியுவுக்குள் இருக்கும் அட்டவணையையே மாற்றுவது, அல்லது பிக்கிபேக் பெட்டி வைத்து அதற்கு மேல் திருத்துவது. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக் இரண்டாவது வகை. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி நன்றாக ட்யூன் செய்த வண்டியை நண்பரிடம் வாங்கி ஓட்டியிருக்கிறேன். மேலே ஆர்பிஎம் ஏறும்போது என் வண்டி பக்கத்தில் நிற்காது. முழு ஆக்சிலரேட்டரில் ஈசியு ஓ2 சென்சார் பேச்சைக் கேட்பதே இல்லை. அதனால் மாட்யூலால் அங்கே சொல்லும்படி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ரீமேப் வண்டியை வருடக்கணக்கில் வைத்து ஓட்டிய அனுபவம் எனக்குக் கிடையாது. அதன் நீண்டகாலப் பராமரிப்பு பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது பங்கில் ஊற்றும் பெட்ரோல்தான். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். கலந்தால் இ10-க்கு (10 சதவீதம் எத்தனால்) சுமார் 14.1, இ20-க்கு (20 சதவீதம்) சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு இ20 அதிகமாக ஊற்ற வேண்டும். இ10 ஊற்றி டைனோவில் வைத்து அளந்த மேப்பில் இ20 போட்டால் கலவை 4, 5 சதவீதம் மெலிந்துவிடும். சீரான ஓட்டத்துக்காக ட்யூனர் கூட்டிக் கொடுத்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய திருத்தம் ஒரு டேங்க் பெட்ரோலில் கரைந்துவிடும். நாட்டில் எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. இதுவே கடைசி அளவு என்று யாரும் உறுதி தரவில்லை.

"ரீமேப்பிலும் ஓ2 சென்சார் இருக்குமே?" என்று கேட்கலாம். அதை அப்படியே விட்டால் சீரான ஓட்டத்தில் கலவை பழையபடி லாம்டா 1-க்கே திரும்பிவிடும். அதனால்தான் பல ட்யூனர்கள் அந்தப் பகுதியில் அதை அணைத்துவிடுகிறார்கள், அல்லது கழற்றிவிட்டு டம்மி ரெசிஸ்டர் வைக்கிறார்கள். அதன் பிறகு வண்டிக்குக் கண் கிடையாது. மாட்யூலில் கண் அப்படியே இருக்கிறது. சென்சார் அளப்பது மிஞ்சும் ஆக்சிஜனைத்தான். எது எரிந்தது என்பது அதற்கு முக்கியமில்லை. ஈசியுவின் திருத்த வரம்புக்குள் இருக்கும் வரை, இ10 ஆனாலும் இ20 ஆனாலும் 0.97 என்று வைத்தால் 0.97-ஐப் பிடிக்கும்.

குறைகளும் உண்டு. நேரோபேண்ட் சென்சாரின் வோல்டேஜ் 0.45-ஐச் சுற்றித்தான் செங்குத்தாக மாறும். ரிச் பக்கம், அதாவது பெட்ரோல் மிஞ்சும் பக்கம், போகப் போகத் தட்டையாகி, சென்சாரின் சூட்டைப் பொறுத்தும் மாறும். ஆகவே சில சதவீதத்துக்கு மேல் மாட்யூலை நம்பி இழுக்கக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கலவையை அகலமான வரம்பில் அளக்கும் பாஷ் எல்எஸ்யு 4.9 போன்ற வைடுபேண்ட் சென்சாரும் கன்ட்ரோலரும் வாங்க வேண்டும், செலவு வேறு மாதிரி ஆகிவிடும். மைலேஜ் கொஞ்சம் இறங்கும். லாம்டா 1-க்குக் கீழே போனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரால் கார்பன் மோனாக்ஸைடை முழுதாக எரிக்க முடியாது, புகைச் சோதனையை நினைவில் வைக்க வேண்டும். நான் மிகக் குறைந்த படியில் வைத்திருப்பது இதனால்தான். வெட்டி இழுப்பது நிற்க அதுவே போதுமாக இருந்தது. ஆக்சிலரேட்டரை மூடும்போது சைலன்சரில் வரும் பட்பட் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த நேரத்தில் ஈசியு பெரும்பாலும் பெட்ரோலையே நிறுத்திவிடுவதால் மாட்யூலால் அதைச் சரிசெய்ய முடியாது.

மாட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எஞ்சினோடு பெண்ட் பைப் சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிகிறதா என்று பாருங்கள். கருப்புப் புகைக்கறை இருந்தால் கசிவு. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் கலவை மெலிது என்று சென்சார் தவறாகச் சொல்லும். மாட்யூலும் சேர்ந்தால் பெட்ரோல் தேவையில்லாமல் கூடிக்கொண்டே போகும். கப்ளரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் லாக்கை அமுக்கிக் கழற்றுங்கள். மழைநீர் இறங்காமல் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தொட்டு மூடுங்கள். மாட்டிய உடனே பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஈசியு புதிய கணக்குக்குப் பழகக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும்.

சைலன்சர், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிட்டவர்கள் ரீமேப்புக்கே போங்கள். மாட்யூல் அவர்களுக்குப் போதாது. ஸ்டாக் வண்டிக்கு மாட்யூல் போதும். விற்கும் நாளில் வாங்க வருபவர் ஒரிஜினல்தானா என்று கேட்டால், அதைக் கழற்றிவிட்டுப் பழைய கப்ளரை மாட்டிக் கொடுத்துவிடலாம்.