போச்சம்பள்ளிச் சந்தையில் கறவை மாடு வாங்கித் தந்த ஏலக்காரர்: ஒரு மதிப்புரை

கடந்த ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வாரச்சந்தையில் இரண்டாம் ஈத்துக் (இரண்டாவது கன்று ஈன்ற) கலப்பினப் பசு ஒன்றைக் கன்றோடு சேர்த்து 54,500 ரூபாய்க்கு விலை பேசி வாங்கினேன். அதை வாங்கித் தந்தவர் எழுபது வயதைத் தொட்டுவிட்ட ஒரு தரகர். சுற்றுவட்டார ஊர்த் திருவிழாக்களில் ஏலம் விடுபவரும் அவரே. தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், சந்தையில் எல்லோரும் அழைப்பதைப் போல ஏலக்காரர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். பசு தொழுவத்துக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆன பிறகே இதை எழுத உட்கார்ந்தேன், ஏனெனில் மாட்டுத் தரகரின் வேலை எப்படிப்பட்டது என்பது கைமாறிய அன்றைக்குத் தெரிவதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு சந்தையில், வேறொரு தரகர் மூலமாக மாடு வாங்கி ஏமாந்தவன் நான். முதல்நாள் மாலையே பாலைக் கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைத்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் கறந்தபோது அவர்கள் சொன்ன அளவில் பாதிகூட வரவில்லை. ஒரு காம்பில் மடிநோய் வேறு. மருந்துக்கும் தீவனத்துக்கும் செலவழித்து, கடைசியில் வாங்கிய விலையைவிட 20,000 ரூபாய் குறைத்து விற்றேன். அதனால் இம்முறை உறவினர் ஒருவர் இந்த ஏலக்காரரைச் சொன்னபோதும் எனக்குத் தயக்கம் இருந்தது.

சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். எவ்வளவு பணம் வைத்திருக்கிறேன் என்று அவர் முதலில் கேட்கவில்லை. "தீவனத்துக்கு எவ்ளோ நெலம் விட்டிருக்கீங்க தம்பி? கறக்கறது யாரு? கோடையில கெணத்துல தண்ணி நிக்குமா?" என்றுதான் கேட்டார். இருபது சென்ட் நிலத்தில் கோ-4 புல் வைத்திருப்பதாகவும், இரண்டு மாடு வாங்கும் எண்ணம் இருப்பதாகவும் சொன்னேன். அந்தப் புல்லுக்கு ஒரு மாடு போதும், அடுத்ததை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு மாட்டுக்குத் தரகு வாங்கியிருக்கக்கூடியவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சந்தைக்குள் நுழைந்தோம். அவர் மாட்டைப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விற்பவர் சொல்லும் வயதைக் காதில் வாங்காமல் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் வெட்டுப்பல் கிடையாது. கீழ்த்தாடையில் உள்ள எட்டுப் பற்களில் எத்தனை பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்திருக்கிறது என்பதைக் கொண்டே வயதைக் கணிக்கிறார்கள். இரண்டு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு வயது கடந்தது, எட்டும் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டால் ஐந்தை ஒட்டியது. பிறகு மாட்டை நடக்கவிட்டுப் பின்னங்கால் குளம்புகளைப் பார்க்கிறார், ஒரு பிடி வைக்கோலை நீட்டி அது ஆவலோடு தின்கிறதா என்று கவனிக்கிறார். கடைசியாக, இடுப்பில் செருகியிருக்கும் கறுப்புத் துணியை எடுத்து, நான்கு காம்பிலிருந்தும் முதல் பீச்சுப் பாலை அதன்மேல் விடுகிறார். மடிநோயால் பால் திரிதிரியாக இருந்தால் கறுப்பில் உடனே தெரிந்துவிடும். முந்தைய மாட்டில் எனக்கு யாரும் இதைச் செய்து காட்டியதில்லை.

அதோடும் அவர் விடவில்லை. பசுவின் சொந்தக்காரர் பக்கத்து ஊர்க்காரர் என்பதால், 1,000 ரூபாய் மட்டும் அச்சாரமாகக் கொடுக்கச் சொல்லி, அன்று மாலையும் மறுநாள் காலையும் அவர் தொழுவத்திலேயே கறந்து பார்த்த பின் மீதிப் பணத்தைத் தரும்படி பேசிமுடித்தார். இரண்டு வேளையும் சேர்த்து பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. சந்தையில் சொன்ன அளவும் அதுதான்.

விலை பேசியது துண்டுக்கு அடியில். துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசும் முறை இன்னும் இங்கே வழக்கத்தில் இருக்கிறது. ஒரு விரலுக்கு ஆயிரமா பத்தாயிரமா என்பது பேசும் இருவருக்கும் புரியும், வெளியே நிற்பவருக்குப் புரியாது. வாங்குபவனான எனக்கே என் மாட்டின் விலை கண்ணில் படாதது சங்கடமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை கையை எடுத்ததும் ஏலக்காரர் என்னருகில் வந்து தொகையைச் சொல்லிச் சம்மதம் கேட்டுவிட்டே மீண்டும் துண்டுக்குள் கையை நுழைத்தார். 62,000-த்தில் தொடங்கிய பேச்சு 54,500-இல் முடிந்தது. என்னிடம் 500, விற்றவரிடம் 500 என்று தம் தரகை இருவர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஓரிடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. இதைவிட நான்காயிரம் ரூபாய் குறைவாக, பார்ப்பதற்கு இன்னும் வாட்டசாட்டமாக ஒரு பசு நின்றது. அதன் முதுகில் இறங்கு பூரான் சுழி என்னும், ஆகாததாகக் கருதப்படும் மயிர்ச்சுழி இருக்கிறது, வேண்டாம் என்றார். சுழி பார்த்து மாடு வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்று சொன்னேன். "எனக்கும்தான் இல்ல தம்பி. நாளைக்கு நீங்க விக்க வருவீங்கல்ல, அப்போ வாங்க வர்றவனுக்கு இருக்கும்" என்றார். கணக்கு சரிதான் என்றாலும், குற்றமற்ற ஒரு நல்ல உயிர் மயிர்ச்சுழிக்காக விலை இழந்து நிற்பதை ஏற்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஏலக்காரராக அவரை நான் பார்த்தது எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில். நேர்த்திக்கடனாகக் கோயிலுக்கு விட்ட கிடாக்களையும் கன்றையும் ஏலம் விட வந்திருந்தார். கட்டியிருந்த உருப்படிகளுக்கு ஒரு வாளித் தண்ணீர் காட்டிய பிறகே மேடையேறினார். ஆந்திரமும் கர்நாடகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாவட்டம் என்பதால் கூட்டத்தைப் பார்த்து "ஒரு தரம்" என்பதையும் தெலுங்கில் "ஒகடோ சாரி" என்பதையும் மாற்றி மாற்றிக் கூவினார். கிடாக்களுக்கு மூன்று தரமும் மளமளவென்று விழுந்தன. கன்றுக்கு மட்டும் இரண்டாம் தரத்தோடு நிறுத்தி, அதிகம் கேட்டிருந்த இளைஞனிடம் கட்டுத்தறி எங்கே இருக்கிறது, தாய்ப்பால் இல்லாத கன்றை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்து, விடை திருப்தியாக இருந்த பிறகே மூன்றாம் தரம் சொன்னார்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து தகப்பனாரோடு மாடுகளை நடையாகவே சந்தைக்கு ஓட்டிவந்த பையனாக இத்தொழிலுக்குள் வந்தவர் அவர். காவிரிக் கரையோர ஊரான ஆலம்பாடியின் பெயரால் வழங்கும் கருஞ்சாம்பல் நிற உழவு மாடுகளே அன்று அதிகம் விலைபோனதாகவும், மின்மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் கவலையில் பூட்டிக் கிணற்று நீர் இறைக்கவும் ஏர் பூட்டவும் அவற்றைக் கேட்பார் குறைந்துவிட்டதாகவும் சொன்னார். அந்த இனத்துக்கென்று தருமபுரி மாவட்டத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் ஓர் ஆராய்ச்சி மையம் அமைத்திருக்கிறது. அவருடைய தொழுவத்திலும் ஒரு ஜோடி ஆலம்பாடிக் காளைகள் நிற்கின்றன. வேலை எதுவும் இல்லை, மூன்று வேளையும் தீனி உண்டு. விலைக்குக் கேட்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அவர் மனைவி சொன்னார்.

குறைகளையும் எழுத வேண்டும். அவர் எழுத்தில் எதையும் தருவதில்லை, பணமும் ரொக்கமாகவே கேட்கிறார். கோமாரி நோய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று விற்றவரிடம் அவர் கேட்கவே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி அது, சந்தை என்பதோ பல ஊர் மாடுகள் மூச்சு முட்ட நிற்கும் இடம். காதில் மாட்டியிருந்த பன்னிரண்டு இலக்க வில்லையின் பதிவை என் பெயருக்கு மாற்றுவதைப் பற்றியும் அவருக்கு அக்கறை இல்லை. இரண்டுக்கும் நானே கால்நடை மருந்தகத்துக்கு அலைந்தேன். அவரை அழைத்துச் செல்பவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் தாங்களே மறக்காமல் கேட்டுவிடுங்கள்.

வண்டி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பசுவை ஏற்றிய வண்டிக்காரர் வழியில் இன்னும் சில மாடுகளைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978-ஆம் ஆண்டின் போக்குவரத்து விதி சொல்கிறது. ஏலக்காரர் விதியைப் பற்றிப் பேசவில்லை, கன்றோடு இருக்கும் பசு நெருக்கத்தில் மிதிபடும் என்று சொல்லி, வாடகையில் 300 ரூபாய் கூடினாலும் தனியாகவே அனுப்பிவைத்தார்.

பசு இப்போது காலையில் ஐந்தும் மாலையில் மூன்றரையுமாகக் கறக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் ஏலக்காரர் அழைக்காமலேயே வந்து, பின்னங்கால் குளம்பு வளர்ந்திருப்பதைக் காட்டிச் சீவச் சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் கன்றின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்டிவிட்டுப் போனார். புல் வைக்க இன்னும் இருபது சென்ட் உழுதுவைத்திருக்கிறேன். அது அறுப்புக்கு வந்ததும் இரண்டாவது மாட்டுக்கு மீண்டும் அவரிடமே போவேன்.