குடியை நிறுத்த மூன்று மாத்திரைகள்: எது யாருக்கு?

குடியை நிறுத்த மாத்திரை உண்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே மனதில் வைத்திருப்பார்கள்: குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரை. அதுதான் டைசல்ஃபிராம். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று இன்னும் இரண்டு வந்து பல வருடங்கள் ஆகியும் பேச்சு அதைச் சுற்றியே ஓடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. அந்த முதல் சில நாட்களுக்கான சிகிச்சை வேறு. இந்த மூன்றும் அதற்குப் பிறகு, மறுபடி குடிக்குள் விழாமல் இருக்க உதவுபவை.

டைசல்ஃபிராம் குடி ஏக்கத்தைத் தொடுவதே இல்லை. உடலுக்குள் போகும் மது அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அதை உடைக்கும் நொதியை இந்த மாத்திரை முடக்கிவிடுவதால் நச்சு தேங்கி, முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். டென்மார்க்கில் ஹால்ட், யாகப்சன் என்ற இருவர் குடற்புழு மருந்தாகுமா என்று பார்க்கத் தாங்களே விழுங்கி, பிறகு மது அருந்திப் பட்ட அவஸ்தையில் கண்டுபிடித்தது இது, 1948-ல் வெளியிட்டார்கள். ஆக, இங்கே பயம்தான் மருந்து. ஆனால் மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால்தானே பயம்? குடிக்க முடிவெடுத்தவர் முதலில் நிறுத்துவது மாத்திரையைத்தான். அதனால் வீட்டில் ஒருவர் தினமும் கையில் கொடுத்து, கண்முன்னே விழுங்க வைக்கும் இடங்களில்தான் இது நன்றாக எடுபடுகிறது. கொடுப்பது வேறு, தெரியாமல் சாப்பாட்டில் கலப்பது வேறு. கலப்பது விபரீதம். விவரம் தெரியாமல் அவர் குடித்தால் உயிரே போகலாம். இதய நோயாளிகளுக்கும் கல்லீரல் மோசமானவர்களுக்கும் இது ஆகாது. மது கலந்த இருமல் மருந்துகூட வினையாகும்.

நால்ட்ரெக்ஸோன் தண்டிப்பதில்லை, குடியின் ருசியைக் கெடுக்கிறது. மது தரும் கிறக்கத்தில் மூளையின் ஓபியாயிட் ஏற்பிகளுக்கு, அதாவது மார்ஃபின் போன்றவை போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களுக்கு, பெரிய பங்குண்டு. இது அவற்றை அடைத்துவிடும். முதல் பெக் உள்ளே போனாலும் 'இன்னொன்று' என்ற உந்துதல் மட்டுப்படும். தினம் 50 மில்லிகிராம், ஒரே வேளை. மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. முழுதாக நிறுத்தும் முன்பே ஆரம்பிக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். வலிக்காக மார்ஃபின் வகை மருந்து எடுப்பவர்கள் மட்டும் பக்கத்திலேயே போகக்கூடாது.

அகாம்ப்ரோசேட், குடியை நிறுத்தியபின் வரும் தவிப்பு, தூக்கமின்மை, எரிச்சலைத் தணிக்கும் என்று கருதப்படுகிறது. இது கல்லீரல் பக்கம் போகாமல் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், கல்லீரல் கெட்டவருக்கு ஏற்றது. சிறுநீரகம் கெட்டவருக்கு ஆகாது. தொல்லை என்னவென்றால், வேளைக்கு இரண்டு வீதம் தினம் ஆறு மாத்திரை. நடுவேளையை மறக்காதவர் யார்?

சரி, எது மேல்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, கூடுதலாக ஒருவர் மறுபடி குடியைத் தொடாமல் தடுக்க அகாம்ப்ரோசேட்டை 11 பேருக்கும், நால்ட்ரெக்ஸோனை 18 பேருக்கும் கொடுக்க வேண்டும் (எண் குறைந்தால் பலன் அதிகம் என்று பொருள்). அளவுமீறிக் குடிப்பதைத் தடுப்பதென்றால் நால்ட்ரெக்ஸோனுக்கும் 11 பேர் போதும். ஆனால் 1383 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் நால்ட்ரெக்ஸோன் பலன் தந்தது, அகாம்ப்ரோசேட் தரவில்லை. என் கணக்கு இது: குறைத்தாலே போதும் என்பவருக்கு நால்ட்ரெக்ஸோன், ஏற்கெனவே நிறுத்தி, நிறுத்தியபடியே இருக்க விரும்புபவருக்கு அகாம்ப்ரோசேட். டைசல்ஃபிராமோ தானே விரும்பிக் கேட்பவருக்கு மட்டும். முதல் இரண்டும் ஒத்துவராதபோது பாக்லோஃபென், டோபிராமேட் என்று மருத்துவர்கள் வேறு சிலவற்றையும் யோசிப்பார்கள்.

அப்புறம், ஒரு நாள் வழுக்கிவிட்டால்? நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் அதற்காக நிறுத்தத் தேவையில்லை, மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடரலாம். டைசல்ஃபிராமில் அந்தச் சலுகை கிடையாது. கடைசி மாத்திரை விழுங்கி இரண்டு வாரம் ஆனபிறகும் அது மதுவோடு மல்லுக்கு நிற்கலாம்.