பிளிக்கர்ஸ் அட்டைகள்: பேசாத வகுப்பில் ஒரு பருவம்

மட்டக்களப்பில் ஒரு கல்லூரியில் சூழலியல் கற்பிக்கும் நான், மட்டக்களப்பு வாவி பற்றிய ஒரு மணி நேர விரிவுரையை இந்தப் பருவத்தில் மாற்றியமைத்தேன். "விளங்கியதா?" என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்று வகுப்பே சொல்லும், விளங்காதது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அந்த இடைவெளியைக் குறைக்கவே பிளிக்கர்ஸ் செயலியையும் அதன் காகித அட்டைகளையும் எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு மாணவருக்கும் இலக்கமிட்ட ஓர் அட்டை. அதிலுள்ள கறுப்பு வெள்ளை உருவத்தின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்துகள் இருக்கும். தமது விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடித்தால், எனது கைத்தொலைபேசியின் கமரா எல்லோருடைய விடைகளையும் வாசித்துவிடும். மாணவருக்குத் தொலைபேசியும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். பக்கத்திலிருப்பவரின் விடை எளிதில் தெரியாததால், பிழைத்துவிடுவோமோ என்ற கூச்சத்தில் ஒதுங்கியிருப்பவரும் அட்டையை உயர்த்துகிறார். எனக்கு இதுவே பெரிய பயன்.

ஆனால் அட்டை மட்டும் வகுப்பைப் பேசவைக்காது. கேள்வி பேசவைக்க வேண்டும். ஹாவர்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் வளர்த்தெடுத்த முறையைப் பின்பற்றி, முதலில் தனித்தனியே விடை கேட்டேன். முடிவைத் திரையில் காட்டாமல், அருகிலிருப்பவருடன் பேசச் சொல்லி, மீண்டும் அட்டைகளை உயர்த்தச் சொன்னேன். மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பியிருக்கையில், மணல் அடைத்துக் கிடக்கும் முகத்துவாரத்தை, அதாவது வாவி கடலோடு சேரும் வாயை, வெட்டினால் முதலில் நீர் எப்பக்கம் ஓடும் என்பது கேள்வி. கடல்நீர் உள்ளே பாயும் என்றே பெரும்பாலோர் காட்டினர். அதுவரை வகுப்பில் ஒரு சொல்லும் பேசியிராத வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி தோழியிடம், "எங்கட வயலுக்க நிக்கிற வெள்ளம் முகத்துவாரம் வெட்டினாத்தானே வத்தும், கடல் உள்ளுக்கு வந்தா எப்படி வத்தும்?" என்று கேட்டு, தோழியின் கையிலிருந்த அட்டையைத் தானே திருப்பிவிட்டாள். வாவியின் நீர்மட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும்வரை வெள்ளம் வெளியேறும் என்பதையும், மட்டம் தாழ்ந்த பின்னரே வற்றுப்பெருக்குடன் கடல்நீர் புகுந்து உப்புத்தன்மை கூடும் என்பதையும், அதன்பின் நான் விளக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. இரண்டாம் முறை விடைகள் பெரும்பாலும் சரியாக வந்தன.

இதற்கு விலை உண்டு. ஒரு மணி நேரத்தில் இத்தகைய கேள்விகள் மூன்றுக்கு மேல் இடமில்லாததால், எனது படவில்லைகளில் பாதியை நீக்கி, மீனினங்களின் பட்டியலை வாசிப்புத் தாளாகக் கொடுத்துவிட்டேன். மனம் ஒப்பவில்லைதான், ஆனாலும் அந்தப் பட்டியலை நான் வாய்விட்டு வாசித்ததால் எவரும் கற்றதில்லை.

செயலியின் அடிப்படைக் கணக்கு இலவசம். அட்டைகளையும் இறக்கி அச்சிடலாம். பளபளப்பான லேமினேட் மட்டும் வேண்டாம். முதல் நாள் ஜன்னல் வெளிச்சம் பட்டு, பின்வரிசை அட்டைகளைக் கமரா வாசிக்கவே இல்லை. தடித்த சாதாரண மட்டையில் மறுபடி அச்சிட்ட பிறகே சரியானது. விரல் உருவத்தை மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கவும் பழக்க வேண்டும்.

நான்கு தெரிவுகளுக்கு மேல் இடமில்லை என்பதும் காரணத்தைக் கேட்க முடியாது என்பதும் உண்மையான குறைகள். ஆகவே இரண்டாம் விடைக்குப் பின் காரணத்தை இரண்டு வரியில் கொப்பியில் எழுதச் சொல்கிறேன். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைகளும் பெரிய தொகுப்பில் 63 அட்டைகளும் உள்ளன. அதற்கு மேற்பட்ட வகுப்பென்றால் இருவருக்கு ஓர் அட்டை கொடுக்கலாம். ஆனால் அப்போது ஒவ்வொருவரும் முதலில் தனியே நினைத்தது என்ன என்பது நமக்குத் தெரியாமல் போய்விடும்.