ஆயத்த நானோடிஸ்க் தொகுப்பு: கச்சை நன்று, கையேடு போதாது

டிடர்ஜென்ட் கொண்டு பிரித்தெடுத்த சவ்வுப் புரதத்தை மீண்டும் ஒரு லிப்பிட் ஈரடுக்கில் (கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கில்) குடியேற்றி அதன் அமைப்பை ஆராய விரும்புவோருக்காக, நானோடிஸ்க் (புரதக் கச்சை சுற்றிய நுண்ணிய லிப்பிட் வட்டு) தொகுப்புகள் இப்போது ஆயத்தமாகவே கிடைக்கின்றன. நாங்கள் வாங்கிய தொகுப்பில் உறைய வைத்து உலர்த்திய எம்எஸ்பி1டி1 என்ற கச்சைப் புரதமும், டிஎம்பிசி என்ற லிப்பிடும், சோடியம் கோலேட் என்ற டிடர்ஜென்டும், டிடர்ஜென்டை உறிஞ்சும் பாலிஸ்டைரீன் மணிகளும் இருந்தன.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஸ்லைகரின் குழு வளர்த்தெடுத்த இம்முறையில், அபோலிப்போபுரதம் ஏ-1ஐத் தழுவி வடிவமைத்த புரதத்தின் இரு மூலக்கூறுகள் ஈரடுக்கின் விளிம்பைக் கச்சை போலச் சுற்றிக்கொள்ள, ஏறத்தாழ 10 நானோமீட்டர் விட்டமுள்ள வட்டு உருவாகிறது. மூடிய லிப்பிட் கோளமான லிப்போசோமில் அடைபட்ட புரதத்தின் உட்பக்கம் எளிதில் எட்டாது. இங்கோ இரு பக்கமும் திறந்திருக்கும். அந்த வகையில் தொகுப்பின் கச்சைப் புரதத்தில் குறையேதும் இல்லை. வெற்று வட்டுகள், அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிகட்டலில் ஒரே கூரிய முகடாகவே வெளிவந்தன.

குறை கையேட்டில்தான். ஒரு கச்சை மூலக்கூறுக்குச் சுமார் 80 டிஎம்பிசி என்ற விகிதம் வெற்று வட்டுக்கு உரியது. நம் புரதம் உள்ளே இடம் பிடிக்கும்போது, அது அடைத்துக்கொள்ளும் பரப்புக்கேற்ப லிப்பிடைக் குறைத்தாக வேண்டும் என்பதைக் கையேடு சொல்லவே இல்லை. லிப்பிட் மிகுந்தால் பெரிய திரள்கள் முன்கூட்டியே வடிந்து வருவதையும், குறைந்தால் முகடு அகன்று சரிவதையும் பார்த்துப் பார்த்துத்தான் சரியான அளவை அறிய முடிந்தது. இன்னொன்று, டிஎம்பிசியின் நிலைமாற்ற வெப்பநிலை (இறுகிய லிப்பிட் இளகும் வெப்பநிலை) ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். எதையும் பனிக்கட்டியில் வைத்தே பழகிய கைகளுக்கு இது உறுத்தும். ஆனால் மணிகளைச் சேர்த்துச் சுழற்றும் வேலையைக் குளிரறையில் செய்தால் லிப்பிட் இறுகிவிடும், வட்டுகள் ஒழுங்காகக் கூடா. பிஓபிசி என்ற வேறொரு லிப்பிட் என்றால் அதே வேலையை 4 டிகிரியிலேயே செய்யலாம். செல் சவ்வின் இயல்புக்கும் அது நெருக்கமானது. தனியே வாங்கிச் சேர்ப்பதே மேல் என்பேன், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் நைட்ரஜனின் கீழ் பாதுகாக்க வேண்டியிருந்தாலும்.

வாங்குமுன் கேட்டறிய வேண்டிய ஒன்று, கச்சைப் புரதத்தில் ஹிஸ்டிடின் வால் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் அமினோ அமிலத் தொடர்) இருக்கிறதா என்பது. நம் புரதத்திலும் அதே வால் இருந்தால், நிக்கல் பத்தி வெற்று வட்டுகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும், அதைக் கொண்டு பிரித்தெடுக்க வழியிராது. வால் நீக்கிய வகையைக் கேட்டு வாங்குங்கள். கச்சையும் 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் என்பதால், அந்த அளவீட்டை அப்படியே நம் புரதத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

கிரையோ மின்னணு நுண்ணோக்கிக்கு இத்தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கரைசல் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) செய்வோர் மட்டும் இதைத் தவிர்க்கலாம்: இவ்வளவு பெரிய வட்டு கரைசலில் மெதுவாகவே சுழலும், குறிகைகள் அகன்றுவிடும். அவர்களுக்குக் கச்சையின் ஒரு சுருளை நீக்கிச் சிறிதாக்கிய டெல்டா-எச்5 வகையோ, டிஎம்பிசியும் குறுஞ்சங்கிலி லிப்பிடான டிஎச்பிசியும் கலந்த, கச்சைப் புரதமில்லாத சிறு லிப்பிட் வட்டான பைசெல்லோ பொருந்தும்.