சென்டருக்குப் போவதா, வீட்டுக்கு வரவழைப்பதா?

மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத விவாதம் இது. அவனைத் தூக்கிக்கொண்டு தெரபி சென்டருக்கு அலைவதா, தெரபிஸ்டை வீட்டுக்கு வரச் சொல்வதா? மூன்று ஆண்டுகளில் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறித்தான் சென்டருக்குப் போக வேண்டும். ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டே வருகிறவன், போய்ச் சேரும்போது துவண்டிருப்பான். முக்கால் மணி நேர வகுப்பில் கால் மணி நேரம் அவனைச் சமாதானப்படுத்துவதிலேயே கரைந்துவிடும். ஆனாலும் சென்டரை ஒதுக்கிவிட முடியாது. கூரையில் மாட்டிய ஊஞ்சலும் பெரிய பந்தும் எங்கள் ஹாலில் அடங்குமா? பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் மூவரும் அங்கேயே இருப்பதால், ஒருவர் கவனித்ததை அடுத்தவர் காதில் போட்டுவிடுகிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசல் பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை வாங்குவது எப்படி என்பதையும், தெரபிச் செலவுக்கும் கைகொடுக்கும் ஒரு லட்ச ரூபாய் வரையிலான நிரமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டையும் எனக்குச் சொன்னது அந்தப் பெஞ்சுதான். எந்த டாக்டரும் அல்ல.

வீட்டுக்கு இருவர் வந்தார்கள். முதலாமவர் பை நிறைய பொம்மைகளோடு வந்து, "அம்மா, நீங்கள் வெளியே இருங்கள்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நடந்ததும் சென்டர் பாடம்தான். "கொடு" என்றால் பிளாஸ்டிக் ஆப்பிளை எடுத்து அவரிடம் கொடுப்பான். சமையலறையில் நான் "கரண்டியைக் கொடு" என்றால் சுவரைப் பார்ப்பான். ஓரிடத்தில் பழகியதை வேறிடத்துக்கு எடுத்துப்போவது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சிரமம். மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் வகுப்பு வீட்டில் நடந்தால் என்ன, சென்டரில் நடந்தால் என்ன? மிச்சம் பஸ் டிக்கெட் மட்டுமே. அதையும் வீட்டுக்கு வருவதற்கான கூடுதல் கட்டணம் விழுங்கிவிட்டது.

இரண்டாமவர் முதல் நாள் எதுவுமே சொல்லித்தரவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவன் வாய் திறப்பதற்குள் எல்லாம் கைக்கு வந்துவிடுகிறதே, அம்மா, அவன் எதற்குக் கேட்க வேண்டும்?" என்றார். கடலைமிட்டாயை ஒரு கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி அவன் முன்னால் வைக்கச் சொன்னார். மிட்டாய் கண்ணுக்குத் தெரியும், திறக்க வராது. இரண்டு வாரம் அழுகை. பிறகு ஒரு நாள் பாட்டிலை என் மடியில் வைத்து, என் கையைப் பிடித்து மூடியின் மேல் வைத்தான். முகத்தைப் பார்த்து "தி" என்றான். திற என்பதில் பாதி.

வீட்டுத் தெரபி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வருகிறவர், மிச்ச நாளெல்லாம் கூட இருப்பவர்களைப் பழக்கிவிட்டுப் போக வேண்டும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. நிபுணர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்களே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுப்பதில் பெற்றோரும், தாங்களாகவே பெற்றோருடன் தொடர்புகொள்ளத் தொடங்குவதில் பிள்ளைகளும் முன்னேறினார்கள். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கமும் இந்த வழியில்தான் கிராமங்களுக்குப் போகிறது. வீடு தேடி வருபவர் அந்தப் பகுதிப் பணியாளர். அவருக்குப் பின்னால் நிபுணர்கள் இருந்து வழிநடத்துகிறார்கள். சென்டரே எட்டாத ஊர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையம் இலவசம். முதல் பரிசோதனைக்குத் தயங்காமல் அங்கே போகலாம். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கு கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார். ஆனால் ஒருவர் தலையில் எத்தனையோ பிள்ளைகள். அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

உடல் அசைவைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள பிள்ளை என்றால் கணக்கு மாறும். நிலைப்படியின் உயரம், கழிப்பறையில் உட்காரும் விதம், கட்டிலிலிருந்து இறக்கும் முறை ஆகியவற்றை வந்து பார்க்காமல் யாரும் சொல்லித்தர முடியாது. ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழையுங்கள்.

யாரை வரவழைத்தாலும் கதவு திறந்திருக்கட்டும். பேச்சுப் பயிற்சியாளரிடமும் சிறப்பாசிரியரிடமும் இந்தத் துறையினரைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆள் பாருங்கள்.

இப்போது எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் சென்டர், ஒரு நாள் வீடு. பாட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாமியாரைத்தான் இன்னும் பழக்க முடியவில்லை. பேரன் அழுவது பொறுக்காமல், நான் துணி காயப்போட மாடிக்குப் போகும் நேரம் பார்த்து மூடியைத் தளர்த்தி வைத்துவிடுகிறார்.